மனநலக் காப்பகத்தின் தரத்தை எதை வைத்து மதிப்பிடுவது? சுவரில் மாட்டிய பதிவுச் சான்றிதழ் போதுமா?

மல்லிகை_சமூகப்பணி:

வணக்கம். மனநோய் உள்ளவர்களின் குடும்பங்களுக்காக இரண்டு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. தனியார் மனநலக் காப்பகம், மறுவாழ்வு இல்லம், குடிபோதை மீட்பு மையம் ஆகியவற்றில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன்னும் சேர்த்த பின்னும் குடும்பத்தார் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்திருக்கிறேன். சட்டத்தில் இருப்பதற்கும், ஒரு காப்பகத்தின் வாசலில் நிற்கும் குடும்பத்துக்குக் கண்ணில் படுவதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. "அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற பலகை எல்லா இடத்திலும் தொங்குகிறது. கேட்டால் ஏதோ ஒரு சான்றிதழைக் காட்டுகிறார்கள். அது அறக்கட்டளைப் பத்திரமா, வேறு துறையின் பதிவா என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். அந்தச் சான்றிதழ் உண்மையில் எதை உறுதி செய்கிறது? உள்ளே நடப்பதைக் காட்டும் பதிவேடுகள் எவை? தரக்குறைவு தெரிந்தால், உறவினர் அல்லாத ஒருவரும் புகார் கொடுக்கலாமா, யாரிடம்?

சட்டப்படிக்கட்டு:

மேடம், முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன். குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சையோ பராமரிப்போ மறுவாழ்வோ தரும் எந்த இடமும் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. சித்தா, ஆயுர்வேதம், யோகா என்று எந்த முறையில் நடத்தினாலும் விலக்கு இல்லை. நோயாளி தன் உறவினரோடோ நண்பரோடோ வசிக்கும் வீடு மட்டும் இதில் வராது. குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பும் சட்டத்தின் விளக்கத்துக்குள் இருப்பதால், ஆட்களைத் தங்கவைக்கும் மீட்பு மையமும் பதிவு செய்ய வேண்டியதே. "நாங்க ஆஸ்பத்திரி இல்லைங்க, வெறும் இல்லம்தான்" என்ற பதில் சட்டத்தில் நிற்காது. அறிவுசார் குறைபாடு மட்டும் உள்ளவர்களுக்கான இல்லங்கள் வேறு. அவை மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ் வரும்.

வாசலில் காட்டப்படும் தாள்களில் அடிக்கடி வருபவை: சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரம், சங்கப் பதிவு, வருமான வரி விலக்கு ஆணை, மருத்துவமனைகளுக்கான 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவு. இவற்றில் எதுவும் மனநல ஆணையத்தின் பதிவுக்கு ஈடாகாது. தாளின் தலைப்பில் மாநில மனநல ஆணையம் என்று இருக்க வேண்டும், காப்பகத்தின் பெயரும் இப்போதைய முகவரியும் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் தேதி கடந்திருக்கக் கூடாது. சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுவது கட்டாயம். பீரோவிலிருந்து எடுத்துக் காட்டும் நிலையே ஒரு குறைதான்.

அடுத்தது முக்கியம். பதிவு இரண்டு வகை. தற்காலிகப் பதிவு, விண்ணப்பம் கிடைத்த 10 நாளுக்குள் ஆணையம் தந்துவிட வேண்டியது. அதற்கு முன் விசாரணை நடத்த வேண்டிய கட்டாயம் ஆணையத்துக்கு இல்லை என்று 66-ஆம் பிரிவே சொல்கிறது. 12 மாதம் செல்லும், புதுப்பிக்கலாம். அதாவது, அதிகாரிகள் யாரும் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்காமலேயே அந்தத் தாள் சுவருக்கு வந்திருக்க முடியும். நிரந்தரப் பதிவுக்கு வழி வேறு. குறைந்தபட்சத் தரங்களை நிறைவு செய்ததற்கான ஆதாரங்களைக் காப்பகம் தர வேண்டும். ஆணையம் அவற்றை 30 நாள் இணையதளத்தில் வைத்துப் பொதுமக்களின் ஆட்சேபணை கேட்க வேண்டும். அந்த 30 நாளில் ஆட்சேபணை சொல்ல யாரும் முன்வராவிட்டால் அந்த ஏற்பாட்டுக்கே பொருளில்லை. உங்கள் அமைப்பு போன்றவை கவனிக்க வேண்டிய சன்னல் அது.

எனவே கையேட்டில் "பதிவு இருக்கிறதா" என்று மட்டும் போடாதீர்கள். "தற்காலிகமா, நிரந்தரமா? கடைசியாகத் தணிக்கை நடந்தது எப்போது?" என்று போடுங்கள். பதிவு பெற்ற எல்லாக் காப்பகத்தையும் மூன்றாண்டுக்கு ஒரு முறை தணிக்கை செய்ய வேண்டும் என்பது 67-ஆம் பிரிவு.

பதிவே இல்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை, இரண்டாம் முறை 2 லட்சம் வரை, அதற்கு மேலும் தொடர்ந்தால் 5 லட்சம் வரை அபராதம். பதிவில்லாத இடம் என்று தெரிந்தே பணி செய்யும் மனநல வல்லுநருக்கும் 25,000 ரூபாய் வரை உண்டு. 40 பேரிடம் மாதக் கட்டணம் வாங்கும் இடத்துக்கு முதல் முறை அபராதம் ஒரு பொருட்டே அல்ல என்பது என் கருத்து. அதனால்தான் அபராதத்தோடு நிற்காமல் 68-ஆம் பிரிவில் ஆய்வு கேட்க வேண்டும்.

இரவுப்பணி:

பதிவேடுகளைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரு வார்டு எப்படி நடக்கிறது என்று சுவரில் அடித்த பெயின்ட் சொல்லாது, தேதியும் நேரமும் போட்ட தாள்கள் சொல்லும்.

முதலில் அட்மிஷன் தாள். நோயாளி எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டார் என்று கேளுங்கள். 86 என்றால் அவரே விரும்பி வந்தவர். அந்த விண்ணப்பத்தில் இருக்க வேண்டியது அவருடைய கையெழுத்து. உறவினர் கையெழுத்து தேவையே இல்லை. அவர் கிளம்புகிறேன் என்றால் விட்டுவிட வேண்டும். நிலைமை மோசம் என்று தோன்றினால், 89-க்கு மாற்றலாமா என்று மதிப்பிட மட்டும் அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தலாம்.

89 என்றால் தானே முடிவெடுக்க முடியாத நிலையில், நியமனப் பிரதிநிதி (நோயாளிக்குத் துணையாக நின்று அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பித்துச் சேர்த்தது. இதற்கு ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் சேர்த்த அன்றோ, அதற்கு முந்தைய 7 நாளுக்குள்ளோ. 30 நாள்தான் வரம்பு. முடிவெடுக்கும் திறன் திரும்பியிருக்கிறதா என்று 7 நாளுக்கு ஒரு முறை பார்த்து எழுத வேண்டும். 30 நாள் தாண்டினால் 90-ஆம் பிரிவு: இரண்டு மனநல மருத்துவர்கள் பார்க்க வேண்டும், மனநலச் சீராய்வு மன்றம் (சேர்க்கைகளையும் நோயாளிகளின் புகார்களையும் பரிசீலிக்கும் சட்டபூர்வ அமைப்பு) 21 நாளுக்குள் பரிசீலித்து அனுமதிக்க வேண்டும். முதலில் 90 நாள், பிறகு 120, பிறகு 180.

எங்கே தவறு நடக்கிறது?

எல்லோரையும் 86 என்று எழுதிவிடுவது ஒன்று. மன்றத்துக்குத் தகவல் அனுப்பும் வேலை இல்லை, இரண்டாவது மருத்துவர் தேவையில்லை. ஆனால் வார்டுக் கதவில் வெளிப்பூட்டு தொங்கும். 50 பேரும் "விருப்பப்பட்டு" வந்தவர்கள், 50 பேரும் வெளியே போக முடியாது என்றால், அந்தப் பதிவேடு பொய். இதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: கடந்த மூன்று மாதத்தில் தாங்களே கேட்டு டிஸ்சார்ஜ் ஆனவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை என்றால் மேலே தோண்டுங்கள்.

இன்னொன்று, 30-ஆம் நாள் தாளில் டிஸ்சார்ஜ், 31-ஆம் நாள் புது அட்மிஷன். ஆள் கட்டிலை விட்டே எழுந்திருக்க மாட்டார். 7 நாளுக்குள் மறுபடி சேர்த்தால் அது 90-ஆம் பிரிவில்தான் வர வேண்டும் என்று சட்டம் இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அடுத்தடுத்த தேதிகளில் டிஸ்சார்ஜும் அட்மிஷனும் இருந்தால் அதுவே எழுத்துபூர்வ ஆதாரம்.

மீட்பு மையங்களில் "90 நாள் பேக்கேஜ்" என்று முன்கூட்டியே பணம் கட்டவைப்பார்கள். பணம் கட்டியதால் ஒருவரை அடைத்துவைக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. நிபந்தனைத் தாளில் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அப்படித்தான்.

இனி கட்டுப்படுத்திய பதிவேடு, அதாவது நோயாளியைக் கட்டிவைத்த ஒவ்வொரு முறையும் எழுத வேண்டிய புத்தகம். ஆய்வுக்குப் போகிறவர் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். சங்கிலி எந்த வடிவிலும் கூடாது என்பது 95-ஆம் பிரிவு, தனியறையில் அடைப்பது கூடாது என்பது 97. உடலைக் கட்டுப்படுத்துவது, அந்த நொடியில் ஏற்படப்போகும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு. தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்று கட்டக் கூடாது. என்ன முறை, ஏன், எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். மாதா மாதம் எல்லா நிகழ்வையும் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒழுங்கான பதிவு இப்படி இருக்கும்:

"இரவு 11.10: சன்னல் கண்ணாடியை உடைத்து மணிக்கட்டைக் கீற முயன்றார். செவிலியர் இருவர் பேசிப் பார்த்தும் நிறுத்தவில்லை. 11.15: பொறுப்பு மனநல மருத்துவர் அனுமதி. 11.18: துணிப் பட்டையால் இரு கைகள் மட்டும். 11.30, 11.45: விரல் நிறம் சரி, தண்ணீர் கொடுக்கப்பட்டது. 12.00: அமைதி, அவிழ்க்கப்பட்டது. காலை 7.30: மனைவிக்குத் தொலைபேசியில் தகவல்."

ஒழுங்கில்லாதது இப்படி: "நோயாளி ஆக்ரோஷம். கட்டப்பட்டார்." அவிழ்த்த நேரம் இருக்காது. ஏழு நாள் பதிவும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லாம் முழு மணிக் கணக்கில். ஆய்வுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து நிரப்பியது என்று அதுவே சொல்லும். பதிவே இல்லாத வெற்றுப் புத்தகமும் நம்பத் தகுந்ததல்ல. கட்டில் கால்களில் கயிறு தேய்ந்த தடம், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

நோயாளி தன் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம், அது 25-ஆம் பிரிவு உரிமை. அதனால் நியமனப் பிரதிநிதி யார் என்பதை எழுத்தில் பதிந்துவையுங்கள். "குடும்பத்தில் யாரோ ஒருவர்" என்று விட்டால் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மல்லிகை_சமூகப்பணி:

மிகவும் நன்றி. அந்த "ஒரே கேள்வி"யை அப்படியே கையேட்டில் சேர்க்கிறேன். புகார் பகுதியில் இன்னும் குழப்பம் இருக்கிறது. கலெக்டர் குறைதீர் நாள், காவல் நிலையம், ஆணையம், மன்றம் என்று நான்கு கதவு தெரிகிறது. உறவினர் இல்லாதவர் எந்தக் கதவைத் தட்டுவது? இன்னொன்று, பல காப்பகங்கள் உள்ளே போய்ச் சுற்றிப்பார்க்கவே விடுவதில்லை. பார்வையாளர் அறை வரை மட்டும் போகிற குடும்பத்துக்கு என்ன கண்ணில் படும்?

தணிக்கைக்குழு:

இரண்டாவது கேள்விக்கு முதலில். பார்வையாளர் அறையிலிருந்தே நிறையத் தெரியும்.

சீராய்வு மன்றத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும், மன்றத்துக்கு விண்ணப்பிக்கும் படிவம் கேட்டால் தர வேண்டும், மன்றத்தோடு பேச நோயாளிக்குத் தொலைபேசி வசதி தர வேண்டும். இது 72-ஆம் பிரிவு. படிவம் ஒன்று கொடுங்கள் என்று வரவேற்பில் கேட்டுப் பாருங்கள். "அப்படின்னா என்ன?" என்று திருப்பிக் கேட்டால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

உங்கள் ஆளைப் பார்க்க அழைத்து வரும்போது தலையைப் பாருங்கள். கட்டாய மொட்டை கூடாது. சொந்த உடை அணிய விரும்பினால் விட வேண்டும், சீருடை திணிக்கக் கூடாது. காப்பக வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் கூலி தர வேண்டும். பெண்களுக்கு மாதவிடாய்க் கால சுகாதாரப் பொருள்கள் கிடைக்க வேண்டும். எல்லாம் 20-ஆம் பிரிவில் வரிவரியாக இருக்கிறது. "தொழில்வழிச் சிகிச்சை" என்ற பெயரில் சமையலும் கழிவறை சுத்தமும் நோயாளிகள் தலையில் விழுகிறதா என்று அவரிடமே தனியாகக் கேளுங்கள். ஊழியர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகும் வாய்ப்புக் கிடைத்தால் நேராகக் கழிவறைக்குப் போங்கள். கதவு இருக்கிறதா, உள்தாழ் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா. அடுத்து கட்டிலை எண்ணி, தலையை எண்ணி, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். மூன்று எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு இரவுப் பணிப் பட்டியல்: இரவு 2 மணிக்கு மொத்தம் எத்தனை பேர், அவர்களில் படித்த செவிலியர் எத்தனை பேர், வார்டுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது. சாவி உரிமையாளர் வீட்டில் இருக்கிறது என்று பதில் வந்தால் அந்த நொடியே அது உயிர் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இத்தனை ஆண்டு கழித்தும் ஆய்வுப் படிவத்தில் தீயணைப்புக் கருவிக்கு ஒரு கட்டம் இருக்கும், இரவுச் சாவிக்கு இருக்காது. உங்கள் கையேட்டில் சாவியைக் கட்டாயம் சேருங்கள்.

மருந்து: கேஸ் ஷீட்டில் எழுதிய மாத்திரையையும் அலமாரியில் இருப்பதையும் ஒப்பிட வேண்டும். 40 பேருக்கும் ஒரே தூக்க மாத்திரை ஒரே அளவில் போகிறதென்றால் அது சிகிச்சை இல்லை, சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது.

ஆய்வுக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுப் பகல் 11 மணிக்குப் போனால் புது விரிப்பையும் சாம்பார் வாசனையையும்தான் பார்ப்பீர்கள். மாலை 6 மணிக்கு மேல் போக வேண்டும்.

இனிப் புகார். உறவினர் அல்லாதவருக்குச் சரியான கதவு மாநில மனநல ஆணையம், 68-ஆம் பிரிவு. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், புகார் இல்லாமலேயும் ஆணையம் தானாக ஆய்வுக்கு உத்தரவிடலாம். சீராய்வு மன்றத்துக்குப் போகக்கூடியவர்கள் நோயாளி, அவருடைய நியமனப் பிரதிநிதி, அல்லது நோயாளியின் சம்மதத்தோடு பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி. கட்டணம் கிடையாது. 89-ல் சேர்த்ததை எதிர்த்து விண்ணப்பித்தால் 7 நாளுக்குள் முடிக்க வேண்டும், மற்ற புகார்களுக்குப் பெரும்பாலும் 90 நாள். கலெக்டருக்கு நகல் அனுப்புங்கள், மன்றத்தில் அவருடைய பிரதிநிதி உறுப்பினர். சங்கிலி, அடி, பாலியல் கொடுமை, பட்டினி என்றால் எந்த ஆணையத்துக்கும் காத்திருக்காமல் உடனே காவல் துறை.

புகார்க் கடிதம் படுத்துவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் வாசகம்தான். "நோயாளிகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள், தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்றால் விளக்கம் கேட்டு ஒரு தாள் போகும், மறுத்து ஒரு தாள் வரும், கோப்பு மூடப்படும். தேதி, நேரம், எந்த வார்டு, கண்ணால் பார்த்தது என்ன, கேள்விப்பட்டது என்ன, எந்தப் பிரிவு மீறல், ஆய்வுக் குழு எந்தப் பதிவேட்டைக் கைப்பற்ற வேண்டும் என்று தனித்தனி வரியாக எழுதுங்கள். கடைசியில் "68-ஆம் பிரிவின் கீழ் ஆய்வுக்கு உத்தரவிடக் கோருகிறேன்" என்று ஒரு வரி. பட்டுவாடா ஆனதற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, அந்தச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

வீடியோ எடுத்து யூடியூபில் போடாதீர்கள். சிகிச்சையில் இருப்பவரின் படமோ விவரமோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குப் போகக் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. காப்பகத்தின் வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

சட்டப்படிக்கட்டு:

தணிக்கைக்குழு சொன்னதோடு தகவல் உரிமை மனுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் 10 ரூபாய், மாநில மனநல ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. கேட்க வேண்டியவை: காப்பகத்தின் பதிவு தற்காலிகமா நிரந்தரமா, செல்லும் தேதி, கடைசித் தணிக்கை அறிக்கையின் நகல், மூன்றாண்டில் 68-ன் கீழ் நடந்த ஆய்வுகள், கொடுத்த நோட்டீஸ்களின் நகல். மன்றத்துக்குத் தனி மனு போட்டு, எந்தெந்த மாதங்களுக்குக் கட்டுப்படுத்திய அறிக்கை வந்தது என்று கேளுங்கள். நோயாளி பெயர் எதையும் கேட்காதீர்கள், கேட்டால் தனிநபர் விவரம் என்று மனு முழுவதையும் தள்ளிவிட வழி கிடைக்கும். 30 நாளில் பதில் இல்லை என்றால் முதல் மேல்முறையீடு, அதற்கும் 30 நாள் கெடு.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். மனநோய் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி உரிமை, வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

ஒரு கவலையையும் பதிவு செய்கிறேன். புகாரின் முடிவில் காப்பகம் மூடப்பட்டால் உள்ளே இருக்கும் 40 பேர் எங்கே போவார்கள்? புகாரிலேயே இதைக் கேளுங்கள்: ஒவ்வொருவரையும் மருத்துவர் பார்த்து, மருந்துச் சீட்டோடும் சிகிச்சைச் சுருக்கத்தோடும் மாற்ற வேண்டும், குடும்பம் இல்லாதவரை அரசு ஏற்க வேண்டும் என்று. மருந்து நடுவில் அறுந்தால் நோய் திரும்பும் அபாயம் இருப்பவர்கள் அவர்கள்.

இரவுப்பணி:

மல்லிகை மேடம், கையேட்டில் தேதிக் கணக்கு போடும்போது பெண்களையும் சிறாரையும் தனி வரியில் போடுங்கள். 89-ல் சேர்த்ததை மன்றத்துக்குத் தெரிவிக்க மற்றவர்களுக்கு 7 நாள், பெண்களுக்கு 3 நாள்தான். 18 வயதுக்குக் கீழ் என்றால் 87-ஆம் பிரிவு, 72 மணி நேரம். தகவல் அனுப்பிய கடிதத்தில் மன்ற அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காப்பகம் தன் கோப்பில் வைத்திருக்கும் நகலில் முத்திரை இல்லை என்றால் அது அனுப்பப்படாத கடிதம் என்றே எடுத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலில் அனுப்பியதாகச் சொன்னால் அனுப்பிய நேரம் தெரியும்படி அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பின் அட்டையில் டெலி மானஸ் 14416 எண்ணைப் போடுவீர்கள் என்று நினைக்கிறேன், போடுங்கள். ஆனால் அது மன உளைச்சலுக்கு ஆலோசனை தரும் எண். காப்பகத்தின் மேல் புகார் கொடுக்க ஆணையத்தின் முகவரியையும் உங்கள் மாவட்ட மன்றத்தின் எண்ணையும் அதற்குப் பக்கத்திலேயே தனிக் கட்டத்தில் அச்சிடுங்கள்.